காளிச்சாமி போட்ட பதினான்கு டிக்

1.

இந்தக் கதை மலச்சிக்கலில் பிறந்தது. முகம் சுளிக்காதீர்கள். நாசூக்காக நாலு தொடக்கம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இப்படி ஆரம்பிக்கிறேன். (“மலையிலிருந்து மேகம் இறங்கிய ஒரு காலையில், கோவை நகரம்...” சே, இது வேண்டாம்.)

1997. கோவையில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்குத் தட்டச்சு வேலை. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் வலி அடங்கும். ஆனால் அந்த மருந்து போய் ஒட்டுகிற ஓபியாய்டு ஏற்பிகள் மூளையில் இருப்பதைப் போலக் குடலிலும் உண்டு. குடலும் சேர்ந்து தூங்கிவிடும். மூளையைத் தொடாமல் குடலை மட்டும் எழுப்பும் மருந்து ஒன்றை டாக்டர் ராமாமணி அம்மாள் சோதித்துக்கொண்டிருந்தார்.

2.

காளிச்சாமி துடியலூர் விவசாயி, அந்தச் சோதனையில் சேர்ந்த பதினொரு நோயாளிகளில் ஒருவர். (ஒரு வரைவில் அவரைப் பொய்யராக்கிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.) வெளிக்குப் போன நாளில் அட்டையில் டிக் போடவேண்டும். பதினான்கு நாளுக்குப் பதினான்கு டிக் போட்டிருந்தார். மற்ற பத்துப் பேர் அட்டையும் அப்படித்தான். புதிய மருந்தின் இந்தக் குறைந்த அளவே போதும் என்று டாக்டர் முடிவுகட்ட, அறிக்கையைப் பாதி அடித்துவிட்டேன்.

அப்போது காளிச்சாமியின் மனைவி சுப்பாத்தாள் டாக்டரைத் தேடி வந்தார்.

“அம்மணி, அவிய வெளிக்குப் போயி எட்டு நாளாச்சுங்க. வயிறு கல்லாட்ட இருக்குதுன்னு வலி மாத்திரையவே நிறுத்திப்போட்டாங்க. வலியில துடிக்கறாங்க.”

டாக்டர் காளிச்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் நிமிரவில்லை.

“நீங்க இத்தன பாடுபடறீங்க. போகலைன்னு போட்டா உங்க மனசு சங்கடப்படுமுங்களே.”

பதினொரு பேரும் டாக்டர் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! டாக்டர் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏனுங்கண்ணா, போகலைன்னா போகலைன்னே போடுங்க. எனக்கு அது போதுமுங்க.”

3.

அறிக்கையைக் கிழித்தோம். வயிற்றைச் சோதித்து, மார்ஃபினைத் திரும்ப ஆரம்பித்து, புதிய மருந்தை ஒரு படி கூட்டினார்கள். முதல் நாள் கட்டத்தில் பெருக்கல் குறி, அதாவது போகவில்லை. இரண்டாம் நாளும் அதே. காளிச்சாமி கூசிக்கொண்டே நீட்டிய அந்த அட்டையை டாக்டர் எல்லோரிடமும் காட்டிச் சந்தோஷப்பட்டார். எனக்கும் நிறைவாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை காளிச்சாமி வலியில்லாமல் நடந்து வந்தார். என்னிடம் பேனா கேட்டார். அவர் போட்டது...

(இங்கே நிறுத்துகிறேன். என்ன போட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நானும் துடியலூர்க்காரன்தான். இவ்வளவு தூரம் படித்த உங்கள் மனம் சங்கடப்படக்கூடாது என்று டிக் போட்டுவிடுகிற ஆள். என்னை நம்பாதீர்கள். கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பேனாவைப் பிடியுங்க.)