இரண்டாம் சரணத்தில் நிறுத்துபவன்

அன்றைக்கும் இரண்டாம் சரணத்தில் நிறுத்திவிட்டேன். ஒத்திகையில் இல்லை, ஞாயிறு ஆராதனையில். ராயபுரத்தில் எங்கள் கோவில் நிறைய ஆள். மேலே ஏறுகிற இடத்தில் குரல் ஒரு நூல் இறங்கியது. தாங்கவில்லை. கீபோர்டு வாசிக்கிற பெனிஷாவைப் பார்த்துக் கையைத் தூக்கி, "முதல்ல இருந்து போவோம்" என்றேன். மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. கண்ணை மூடி இருந்த போதகர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

பாடகர் குழுவை நடத்துகிற தேவகிருபை அக்கா, ஆராதனை முடிந்ததும் என்னைத் தூண் ஓரமாகக் கூப்பிட்டார். அக்காவுக்கும் தெற்கே எங்கள் ஊர் நாசரேத் பக்கம்தான். இங்கே மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள்.

"ஏப்பா தவசிமுத்து, இது கோவிலா, ரெக்கார்டிங் ஸ்டுடியோவா? கர்த்தர் முன்னால நின்னுக்கிட்டு 'கட், கட்'டுங்கே."

"சுருதி இறங்கிட்டுக்கா."

"எனக்குக் கேக்கல. போதகர் ஐயாவுக்குக் கேக்கல. உனக்கு மட்டும் எப்படிக் கேக்கு? வாற ஞாயிறு அறுப்பின் பண்டிகை. தனிப்பாட்டு நீதான். அன்னைக்கும் நிறுத்துனேன்னு வையி, இனிமே தனிப்பாட்டே கிடையாது."

சரி என்றேன்.

திருவொற்றியூரில் ஒரு அறை. வாரம் முழுக்க கண்டெய்னர் யார்டில் வேலை. எனக்கு இந்த ஊரில் இருந்தது பாட்டு ஒன்றுதான். அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். ஈஸ்டருக்குப் பாடியதை யாரோ போனில் பிடித்துக் குழு வாட்ஸப்பில் போட்டார்கள். எல்லோரும் கைதட்டுகிற படம் போட்டார்கள். நான் கேட்டுப் பார்த்தேன். ஒரு இடம் லேசாகப் பிசகியிருந்தது. திரும்பக் கேட்டேன். பிசகு மட்டும்தான் கேட்டது. அன்றைக்குப் பிடித்தது பேய். அறைக்கு வந்தால் ஒரு வரி பாடுவேன், போனில் பிடிப்பேன், கேட்பேன், அழிப்பேன். மறுபடி அதே வரி. முன்பெல்லாம் குளிக்கும்போது பாடுவேன். இப்போது அதுவும் நின்றுபோனது. பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்.

யார்டில் என் வேலையும் அப்படித்தான். ஊர் சுற்றித் திரும்பி வருகிற காலி கண்டெய்னரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் உள்ளே போய் நிற்பேன். வல்லரசு வெளியே இருந்து இரண்டு கதவையும் சாத்துவான். உள்ளே கும்மிருட்டு. எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். முடிந்ததும் கதவைத் தட்டினால் அவன் திறப்பான். யார்டில் என் கண்ணுக்கு ஓட்டை தப்பாது என்று பெயர். வெல்டிங் போடுகிறவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே போடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வல்லரசு என் முகத்தைப் பார்த்தான். வியாசர்பாடிக்காரன், எதையும் சும்மா விடமாட்டான்.

"இன்னா மாமு, மூஞ்சி கலீஜா கீது?"

"பாட்டு வரமாட்டேங்கு."

"பாட்டு இன்னா பஸ்ஸா, வரலன்னு நின்னுகினு கீற? எங்க ஏரியால சாவு வூட்ல பாட்றானுங்க. சுதி போச்சுன்னு எவனாச்சும் பொணத்தாண்ட போய், 'சாரி நைனா, மறுக்கா சாவு, முதல்லேர்ந்து பாட்றேன்'னு சொல்லிகினு கீறானா?"

எரிச்சலாக வந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு கண்டெய்னருக்குள் போனேன். அவன் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான்.

இருட்டில் கண் பழகுகிறவரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் இரண்டாம் சரணத்தைப் பாடினேன். ஆசையாக இல்லை, புண்ணைக் கிள்ளுகிற மாதிரி. பாடியது நாலு பக்கத் தகரத்திலும் பட்டு மொத்தமாக என் மேலேயே வந்து விழுந்தது. எது என் குரல், எது தகரத்தின் குரல் என்று பிரிக்க முடியவில்லை. சரியாகப் பாடினேனா? தெரியவில்லை. மறுபடி பாடினேன். அப்போதும் தெரியவில்லை. காதுக்கு அங்கே வேலையே இல்லை.

காது சும்மா இருந்தபோதுதான் மற்றது தெரிந்தது. பூட்ஸுக்குள் கால் விரல்கள் தரையைப் பிறாண்டிக்கொண்டு இருந்தன. தாடை இறுகிக் கிடந்தது. தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில். வயிற்றை யாரோ குத்த வருகிற மாதிரி உள்ளே இழுத்து வைத்திருந்தேன். இப்படி நின்றுகொண்டா இத்தனை மாதம் பாடினேன்?

விரல்களை விட்டேன். தோள் தானாக இறங்கியது. மூச்சு இழுத்தபோது வயிறு முன்னால் வந்து பாதுகாப்பு ஜாக்கெட்டில் முட்டியது. அந்த மூச்சில் பாடினேன். நெஞ்செலும்பு அதிர்ந்தது. பக்கச்சுவரில் உள்ளங்கையை வைத்தேன், அதுவும் அதிர்ந்தது. கையில் வந்த அதிர்வு தோள் வழியாக ஏறி நெஞ்சில் இருந்ததோடு சேர்ந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. மூன்று சரணமும் பாடினேன். முடிந்ததும் பல்லவியை இன்னொரு தடவை, சும்மா, ருசிக்காக.

கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. ஓங்கித் தட்டினேன்.

கதவு திறந்தது. வல்லரசும் லாரி ஓட்டுகிற மஜீதும் நின்றார்கள்.

"எத்தன தடவ தட்டுறது? உள்ள வேகுதுப்பா!" என்றேன்.

"இன்னும் ஒரு பாட்டு வரும்னு நெனச்சேன் மாமு," என்றான் வல்லரசு. "மஜீது பாய் பீடியே அணைச்சுட்டாரு."

மத்தியானம் சூப்பர்வைசர் கத்தினார். அந்தக் கண்டெய்னரின் கூரை மூலையில் ஒரு ஓட்டை. நான் நல்லது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். உள்ளே நின்ற அவ்வளவு நேரமும் நான் மேலே பார்க்கவே இல்லை. திட்டு வாங்கும்போது வெட்கமாக இருந்தது. அதே நேரம் கால் விரல்களைப் பூட்ஸுக்குள் அசைத்துப் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

வழி கிடைத்துவிட்டது என்று நம்பித்தான் சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். எங்கே? விரல் தளர்ந்திருக்கிறதா, தோள் இறங்கியிருக்கிறதா, வயிறு போதுமான அளவு வந்திருக்கிறதா என்று அதையும் பிசகில்லாமல் செய்யப் பார்த்தேன். தோளைப் பார்த்தால் தாடை இறுகியது. தாடையை விட்டால் விரல் மடங்கியது. இரண்டாம் சரணம் வந்தது. நிறுத்திவிட்டேன்.

"என்னப்பா, காலயே பாத்துக்கிட்டு நிக்கே? எறும்பு கடிக்கா?" என்றார் தேவகிருபை அக்கா.

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். பெனிஷா சிரிக்கவில்லை. அவள் கல்லூரியில் படிக்கிறவள், அடுத்த வாரம் பரீட்சை. "அண்ணே, நாளைக்கு எந்த எடத்துல நிறுத்துவீங்கன்னு இப்பமே சொல்லிருங்க. நான் ரெடியா இருப்பேன்" என்றாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் அதிகம் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்துக்கு முன்னால் காணிக்கையாக வந்த பூசணிக்காய், வாழைத்தார், அரிசி மூட்டை, கடைக்காரர்கள் கொடுத்த எண்ணெய் டின் எல்லாம் குவிந்து கிடந்தது. செருப்பை வெளியே விட்டு வந்திருந்தேன். தரை சில்லென்று இருந்தது. பல்லவி போனது. முதல் சரணம் போனது. இரண்டாம் சரணத்தில் ஏறுகிற இடத்தில் குரல் இறங்கியது. இந்தத் தடவை நூல் இல்லை, கயிறு.

கீபோர்டு நின்றது. பெனிஷா இரண்டு கையையும் கட்டையில் இருந்து எடுத்து மடியில் வைத்துவிட்டாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் நிறுத்தப்போகிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் மூச்சில் பாதி இன்னும் வயிற்றில் இருந்தது. நெஞ்செலும்பு அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அதை எதற்கு நிறுத்த வேண்டும்? மீதி மூச்சுக்கு மீதி வரியைப் பாடினேன். வாத்தியம் இல்லாத கோவிலில் என் குரல் மட்டும் போனது. பிசகு எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்டது, போனது, அடுத்த வரி வந்தது. அடுத்த மூச்சு தானாக உள்ளே இறங்கியது. உள்ளங்காலில் தரை. எங்கோ ஒரு குழந்தை அழுதது. மூன்றாம் சரணத்தில் பெனிஷா ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தாள், தப்பு. பக்கத்துக் கட்டையைத் தொட்டாள். என்னோடு வந்து சேர்ந்துகொண்டாள். பாட்டு முடிந்துவிடுமே என்று இருந்தது எனக்கு.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார்.

"அரைக்கட்டை இறங்கிட்டு, தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எனக்கே கேட்டுது இன்னைக்கு. பெறவு ஏன் நிறுத்தல?"

"நிறுத்த மனசு வரலக்கா."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நிறுத்தல, சந்தோஷம். ஆனா கிறிஸ்துமஸுக்குத் தனிப்பாட்டு பெனிஷாதான். நான் நேத்தே அவகிட்ட சொல்லிட்டேன்."

கோபம் வந்தது. நிறுத்தாத அன்றைக்கா இதைச் சொல்ல வேண்டும்? மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. காசிமேடு தாண்டும்போதும் கோபம் இருந்தது. வாயில் மூன்றாம் சரணமும் இருந்தது. அதை முணுமுணுப்பாக ஆரம்பித்து, எப்போது வாய்விட்டுப் பாடத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கமாக நன்றாக ஒதுங்கி உட்கார்ந்தார்.