ஒரு கைப்பிடி மிளகாய்

எங்கள் மிஷன் வட்டாரத்தில் சல்சா என்கிற மிளகாய்ச் சட்னி எரிகிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அவர் மானம் கப்பலேறிவிடும். பதினைந்து வருடங்களுக்கு முன்பு பெயின்டர் பௌதேலியோ, ஃபிதென்சியோவின் சாப்பாட்டுக் கடையில் பாதி புரிட்டோவில் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்றைக்கும் அவர் தண்ணி பௌதேலியோதான். பேத்தியின் ஞானஸ்நானத்தில் பாதிரியாரே அப்படித்தான் கூப்பிட்டார்.

நான் பஸ் ஓட்டுகிறவள். ஷிஃப்ட் முடிந்ததும் மதியம் அந்தக் கடையில் எனக்கு ஒரு புரிட்டோ, சுட்ட மாட்டிறைச்சி வைத்துச் சுருட்டிய ரொட்டி. வெள்ளித்தாளை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, ஒவ்வொரு கடிக்கும் பாட்டிலிலிருந்து பச்சை சல்சாவைப் பீய்ச்சிக்கொள்ள வேண்டும். முழுசாக உரித்துத் தட்டில் போட்டு முள்கரண்டியால் குத்துகிறவர்களோடு நான் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை. அந்தப் பச்சை சல்சாவை அரைப்பது ஃபிதென்சியோவின் மனைவி ஒத்திலியா. முதலில் புளிப்பு வரும், விழுங்கிய பிறகுதான் காரம் வரும். அதற்காகவே நான் வேறு ரூட்டுக்கு மாற்றல் கேட்டதில்லை.

போன வாரம் ஒத்திலியா தங்கையின் பிரசவத்துக்கு ஃப்ரெஸ்னோ போனாள். சல்சாவை ஃபிதென்சியோ அரைத்தார். முதல் கடியிலேயே எனக்குக் காது அடைத்துவிட்டது. சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் வீம்புக்கு இன்னும் கொஞ்சம் பீய்ச்சினார்கள். ஃபிதென்சியோ வந்து "எப்படி?" என்றார். "அருமை" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான்காம் நாள் ஒத்திலியா போன் செய்தாள்.

"ரெமெ, அங்க யாருக்கும் வித்தியாசமே தெரியலையாமே? பாட்டில் பாட்டிலா காலியாகுதாம். நீ இன்னும் ஒரு மாசம் இரு, சல்சாவ இனிமே நானே பாத்துக்கறேங்கறாரு."

"அடிப்பாவி, அத நம்பிட்டியா? வாயில வைக்க முடியலடி."

"நீ என் மனசுக்காகச் சொல்ற." குரல் உடைந்துவிட்டது. "இருபத்திரெண்டு வருஷமா அரைக்கிறேன். நாலு நாள்ல ஒருத்தர்கூட என்னத் தேடலியே."

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. போனை வைக்காமல் நேராகக் கடைக்குப் போனேன். ஸ்பீக்கரைப் போட்டு, பாட்டில்களுக்குப் பக்கத்தில் போனை வைத்தேன்.

"ஃபிதென்சியோ அண்ணே, உங்க சல்சா எரியுது."

இறைச்சி வெட்டும் கத்திச் சத்தம் நின்றுபோயிற்று. மூலையிலிருந்து ஒருவன், "டிரைவரம்மாவுக்குத் தொட்டில் கொண்டாங்கப்பா, கூடவே பாலும்" என்றான். கடையே சிரித்தது. எனக்கு முகம் சிவந்தது.

அப்போது பௌதேலியோ எழுந்தார். "எனக்கும்தான்யா எரியுது. எனக்கென்ன, போற மானம் எப்பவோ போயிருச்சு."

சலூன்காரி இமெல்தா, "என் நாக்கு செத்து மூணு நாளாச்சு" என்றாள். பிறகு ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். தொட்டில் கேட்டவன்தான் முதலில் தண்ணீரைத் தேடிப் போனான்.

ஃபிதென்சியோ முகம் தொங்கிவிட்டது. "அப்ப ஏன்யா எல்லாரும் அருமைன்னீங்க?"

"நீங்க தின்னு பாத்தீங்களாண்ணே?"

"மொத நாள் தின்னேன்."

"அப்புறம்?"

"சிவப்பு சல்சாவுக்கு மாறிட்டேன்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

போனிலிருந்து குரல் வந்தது. "மிளகா எவ்வளவுங்க போட்டீங்க?"

"நீ சொன்னபடிதான். ஒரு கைப்பிடி."

"ஏங்க, நான் சொன்னது என் கைப்பிடி."

எல்லோரும் அவர் கைகளைப் பார்த்தோம். ஒவ்வொன்றும் கல்லில் வேகிற ரொட்டி அகலம். ஒத்திலியாவின் கை என் பஸ்ஸில் காசு போடும் பெட்டியின் வாய்க்குள்ளேகூட நுழைந்துவிடும். பௌதேலியோ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். போனுக்குள் அவளும் சிரித்தாள், எங்களைவிட அதிக நேரம்.

ஃபிதென்சியோ குனிந்து போனிடம் மெதுவாகக் கேட்டார். "எப்ப வர்ற?"

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டாள். புதுப் பாட்டில் ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். வெள்ளித்தாளை உரித்துப் பீய்ச்சிக் கடித்தேன். முதலில் புளிப்பு. விழுங்கினேன், காரம் வந்தது. கண் நிறைந்துவிட்டது. பௌதேலியோ தன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"எரியுதாடி?" என்றாள் ஒத்திலியா.

"இல்லவே இல்ல," என்றேன்.