சாரம்மாள் வயலுக்கு வந்த கோயில்

கோயிலை எங்கள் வயலிலிருந்து எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்று ஸ்டெபி கேட்டது, ஆறுதல்புரம் சபையின் வருடாந்திரக் கூட்டத்தில், 'இதர விஷயங்கள்' என்கிற கடைசித் தலைப்பின் கீழ். அதற்கு முந்தின தலைப்பு, பண்டிகை விருந்தான அசனச் சோற்றுக்கு எத்தனை மூட்டை அரிசி என்பது. அது முடிந்து எல்லோரும் வடை தின்பதற்காக எழுந்திருக்கப் போன நேரம். இதை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று அவள் அம்மா சாரம்மாள் ஏழு வருடமாகச் சொல்லி வைத்திருந்தாள். வேலை கேள், சிபாரிசுக் கடிதம் கேள், மாப்பிள்ளைகூடக் கேள், கோயில் நகர்ந்ததைப் பற்றி மட்டும் கேட்காதே. ஸ்டெபி வேலையும் கேட்கவில்லை, மாப்பிள்ளையும் கேட்கவில்லை. நேரே அதைத்தான் கேட்டாள்.

ஆறுதல்புரம் கோயில் நகர்கிறது என்பதில் அந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சீவலப்பேரிக்குத் தெற்கே, ஆற்றுக்கால் பாசனத்தில், நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளைக்கார மிஷனரி கட்டியது. எழுபதடி நீளம், கல்தூண், ஓட்டுக்கூரை, மேற்கே பார்த்த வாசல். வாசலுக்கு எதிரே சாரம்மாளின் நாற்பது சென்ட் நஞ்சை. அதற்கு அந்தப் பக்கம் ரைஸ் மில் நேசையாவின் மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நேசையா உள்ளே நுழைந்ததும் கோயில் நாலு விரற்கடை மேற்கே நகரும். அவர் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிற வாரங்களில் நகராது. அவருக்கு மூலம் ஆபரேஷன் நடந்த வருடம் தொடர்ந்து ஆறு வாரம் கோயில் இருந்த இடத்திலேயே இருந்தது, சபையார் ஜெபித்தார்கள், அவர் குணமாகி வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாண் நகர்ந்தது. அந்த வாரம் சின்ன வெங்காயம் கிலோ அறுபதுக்கு விற்றது.

இது தொடங்கியது ஓர் அறுப்பின் பண்டிகையில். அப்போது போதகராக இருந்த ஐயர் ஜெபத்துக்கு எழுந்து நிற்போம் என்று சொல்லவும், நேசையா வழக்கம்போலப் பிந்தி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. சபை மொத்தமும் தனக்காகத்தான் எழுந்தது என்று அவர் நினைத்துக்கொண்டு, இருக்கட்டும், உக்காருங்க என்று கையமர்த்தினார். சபையும் உட்கார்ந்துவிட்டது. ஜெபம் உட்கார்ந்தபடியே நடந்தது. அடுத்த வாரம் அவர் வந்தபோது எழுந்திருக்காமல் இருந்த முதல் ஆள் என்ற பெயரை எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. முன்வரிசை எழுந்தது, அதைப் பார்த்து நடுவரிசை, அதைப் பார்த்துப் பாயில் இருந்த கீழத்தெருப் பெண்கள். நாலாவது வாரம் கோயிலும் தன்னால் ஆன மரியாதையைச் செய்யத் தொடங்கியது. எழுந்து நிற்க அதனால் முடியாது. எதிர்கொண்டு போனது.

முதல் இரண்டு வருடம் கமிட்டி அதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது வருடம் ஒரு சர்வேயரைக் கூட்டி வந்தார்கள். அவர் சங்கிலி பிடித்து அளந்து, இளநீர் குடித்து, கட்டடம் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நேசையா வரும்போது யாரும் எழுந்திருக்காமல் இருந்து பார்ப்பது என்று ஒரு தீர்மானமும் போட்டார்கள். அந்த ஞாயிறு பாடகர் குழு எழுந்தது. பாட்டுக்காக எழுந்தோம் என்றார்கள். அன்றைக்குப் பாட்டு எதுவும் இல்லை. பிறகு ஜெய்சன் ஐயர் மாற்றலாகி வந்தார். படித்தவர், சின்ன வயது, பிரசங்கத்தில் படம் போட்டுக் காட்டுகிறவர். நிற்காமல் முன்னேறும் சபை என்ற தலைப்பில் மூன்று ஞாயிறு பேசினார். நகர்வது பிரச்சினை என்று நினைத்திருந்த சிலருக்கு அது ஆவிக்குரிய எழுப்புதல் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்து, வாசற்படியில் ஒரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது. செத்தவர்கள் நேசையாவுக்காக எழுந்திருக்கவில்லை. அவர்கள் அவரைவிடப் பெரிய ஆளுக்காகக் காத்திருந்தார்கள்.

ஏழு வருடத்தில் எழுபதடி. கோயில் முழுக்கச் சாரம்மாளின் வயலுக்குள் வந்துவிட்டது. மூன்று படி ஏறிப் போன கோயில், சேற்றில் பையப் பைய இறங்கி, அரைப்படியில் நின்றது. கோயில் காலி செய்துவிட்டு வந்த மனையில் கமிட்டி ஒரு கல்யாண மண்டபம் கட்டியது. திறந்து வைத்தவர் நேசையா. அவர் தன் வீட்டுச் சுற்றுச்சுவரைக் கிழக்குப் பக்கம் இடித்து, கோயில் வந்து சேரும்போது முட்டிக்கொள்ளாமல் இருக்க வழி பண்ணி வைத்திருந்தார். சாரம்மாளுக்கு மிஞ்சியது மேற்கே அறுபதடி. அவள் புருஷன் பதினெட்டு வருடம் லாரியில் உர மூட்டை ஏற்றி இறக்கி வாங்கிய நிலம் அது. வாங்கிய மூன்றாம் வருடம் அவர் முதுகு ஒடிந்து செத்தார். அந்த நிலத்தின் நெல்லில்தான் ஸ்டெபி கணிதத்தில் பட்டம் வாங்கினாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழுக்காக நாலு தடவை அலைந்து, கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியே போயிருக்கிறார் என்ற பதிலை நாலு தடவை கேட்டவள். யார் வெளியே போயிருந்தாலும் இனிமேல் உட்கார்ந்து காத்திருப்பதில்லை என்பது அப்போதே அவள் எடுத்த முடிவு.

சாரம்மாள் வேறு மாதிரி. கோயிலில் தன் பாயோரம் தளக்கல் இடுக்கில் கோரை முளைத்தால், பிரசங்கம் நடக்கும்போதே பிடுங்கி மடியில் போட்டுக்கொள்வாள். சொந்த வயலில் களை நிற்க, பார்த்துக்கொண்டு ஜெபிக்க அவளால் முடியாது. பிசானப் பருவத்தில் ஒருதரம் இரண்டாவது தூணடியில் நெல் முளைத்தது. அதைப் பிடுங்காமல் முந்தானையால் மறைத்து உட்கார்ந்தாள். கதிர் பிடித்த பிறகு கோயில் பெருக்கும் கோயில்குட்டியார் பார்த்துவிட்டுத் துடைப்பத்தால் தள்ளினார். நிலத்தீர்வை ரசீது மட்டும் வருடா வருடம் அவள் பெயருக்கே வந்தது.

கூட்டத்தில் ஸ்டெபி கேட்டதும் ஐயர் தன் தட்டிலிருந்த வடையைப் பார்த்தார். பதில் சொன்னது செக்ரட்டரி மணிராஜ். ஆண்டவருடைய ஆலயமே ஒரு குடும்பத்தின் வயலைத் தேடி வருவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அவர் விளக்கினார்.

"பாக்கியம்னா ஒங்க தென்னந்தோப்புக்கு நவத்திக்கிடுங்க மாமா. நாங்க பொறாமப்பட மாட்டோம்" என்றாள் ஸ்டெபி.

பின்னால் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். "படிச்சுட்டால்லா, அதான் பேசுதா" என்றார் மணிராஜ். நேசையா கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற மனிதரே இல்லை. அதற்குத் தேவை வந்ததில்லை. "நான் என்ன, வா வான்னா கூப்பிட்டேன்? அதுவா வருதும்மா. வாரதப் போன்னு சொல்லவா முடியும்?" என்றார். எல்லோரும் எழுந்து நிற்பதை நிறுத்தினால் போதும் என்றாள் ஸ்டெபி. அப்போதுதான் முதல்முறையாகக் கூட்டத்தில் சத்தம் வந்தது. நாங்கள் நிற்பது மரியாதை, கோயில் நகர்வது தேவ சித்தம், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சாரம்மாளோடு பாயில் உட்காரும் கீழத்தெருக்காரர்கள்கூடக் கேட்டார்கள். கடைசியில் தீர்மானம் வேறு விதமாக எழுதப்பட்டது. பழைய இடத்தில் மண்டபம் இருப்பதால் கோயிலைத் திருப்பி வைக்க வழியில்லை. ஆகையால் மிச்சமுள்ள அறுபதடியையும் சேர்த்து நாற்பது சென்ட்டையும் சகோதரி சாரம்மாள் சபைக்குக் காணிக்கையாகக் கொடுப்பது. வருகிற அறுப்பின் பண்டிகையில் பீடத்துக்கு முன்னால் அழைத்து, பெயரை வாசித்து, பொன்னாடை போர்த்தி, ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்குவது.

வீட்டுக்கு வந்து ஸ்டெபி கத்தினாள். இரண்டு நாள் கத்தினாள். நிலம் போனால் பிசானத்துக்கு நாற்று எங்கே நடுவாய், கதிரடித்தால் நெல் யார் வீட்டுக்குப் போகும், நேசையா வயலில் களை பிடுங்கப் போவாயா என்று கேட்டாள். சாரம்மாள் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள்.

"எம் பேர அந்தக் கோயில்ல ரெண்டு தடவதான் வாசிச்சிருக்காவ, ஏட்டி. ஞானஸ்நானத்துக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு. இன்னொரு தடவ வாசிக்கும்போது எங் காதுல விழாது. உயிரோட இருக்கும்போது ஒருக்கக் கேட்டுக்கிடுதேன்."

நிலம் அம்மாவின் பெயரில் இருந்தது, கையெழுத்து அம்மாவுடையது. ஆனால் தண்ணீர் இருந்தது. வாய்க்காலில் ஒவ்வொரு வயலுக்கும் வாரத்தில் ஒரு முறை உண்டு. சாரம்மாளின் முறை ஞாயிறு காலை ஒன்பது மணி முதல் பதினொன்று வரை. ஆராதனை நேரம் என்பதால் அவள் அதை ஏழு வருடமாக விட்டுக்கொடுத்து, இரவல் தண்ணீரில் பயிர் வைத்தாள். விட்ட தண்ணீர் நேராக நேசையாவின் வாழைக்குப் போனது. வாழை நன்றாக வந்தது. அறுப்பின் பண்டிகையில் பீடத்துக்கு இரண்டு பக்கமும் குலையோடு கட்டுகிற வாழை அதுதான்.

பண்டிகைக்கு முந்தின நாள் நடுப்பகலில் ஸ்டெபி நீர்ப்பாய்ச்சி பிச்சைக்கண்ணுவைத் தேடிப் போனாள். வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பவர் அவர். மதகுக் கட்டையில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு எங்கள் முறை எங்களுக்கு வேண்டும் என்றாள்.

"தண்ணி கோயிலுக்குள்ளல்லா போவும், தாயி."

"பட்டாவுல கோயில் இல்ல அண்ணாச்சி. நஞ்சைனுதான் போட்டிருக்கு."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். முறை முறைதான் என்று ஒத்துக்கொண்டார். "எங்கையால தொறக்கச் சொல்லாத. காலம்பற ஒம்போது மணிக்கு நீயே வந்து வெட்டி விடு. நான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கேன்" என்றார். மண்வெட்டியை வெளியே வேலியோரம் சாய்த்து வைத்துவிட்டுத்தான் மறுநாள் ஸ்டெபி கோயிலுக்குள் போனாள்.

பண்டிகை என்பதால் ஆராதனை எட்டு மணிக்கே தொடங்கி, கோயில் நிறைந்திருந்தது. பூசணிக்காய், சீனிக்கிழங்கு, உயிர்க்கோழி, கார் பருவ நெல் மூட்டை எல்லாம் பீடத்தடியில் குவிந்து கிடந்தன. சாரம்மாள் கல்யாணப் பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு பாயின் முன்னோரத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஐயர் வேதத்திலிருந்து, தனக்கிருந்த இரண்டு காசையும் காணிக்கை போட்ட விதவையின் கதையை எடுத்தார். உருக்கமாகவே சொன்னார். நம்முடைய சபையிலும் அப்படி ஓர் ஏழை விதவை இருக்கிறாள் என்றார். மதிப்புக்குரிய நேசையா அவர்களின் முயற்சியினால் அந்த ஏழை விதவை இன்றைக்குத் தனக்குள்ள எல்லாவற்றையும் கொடுக்கிறாள் என்றார். ஏழை விதவை என்று நாலு தடவை சொன்னார். நேசையா அவர்கள் என்று ஆறு தடவை சொன்னார். அப்புறம் நேசையா வரும்வரை ஒரு பாட்டுப் பாடுவோம் என்று புத்தகத்தைத் திறந்தார்.

சாரம்மாள் பாட்டு முடியும்வரை காத்திருந்தாள். பிறகு மகள் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"பேரச் சொல்லலியே, ஏட்டி."

"சொல்ல மாட்டாவம்மா."

சாரம்மாள் விரலிடுக்கில் இருந்த கோரையைப் பார்த்தாள். அதை எப்போது பிடுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. "மணி என்ன ஆவுது?" என்று கேட்டாள். ஒன்பதாகப் போகிறது என்றாள் ஸ்டெபி. "அப்பம் போ. வரப்போரம் மண்ணு இளகிக் கெடக்கும், பாத்து வெட்டு" என்றாள் சாரம்மாள்.

அந்த நேரத்தில்தான் நேசையா வாசலில் தெரிந்தார். முன்வரிசை எழுந்தது, நடுவரிசை எழுந்தது, பாய் எழுந்தது. ஸ்டெபியும் எழுந்தாள். அவளும் எழுந்துவிட்டதைப் பார்த்து நேசையாவுக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது, லேசாகத் தலையசைத்தார். சாரம்மாள் மட்டும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அத்தனை கால்களுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியவில்லை, கோயிலைத் தவிர. அன்றைக்கு அது மூன்று விரற்கடைதான் நகர்ந்தது.

ஸ்டெபி நடைபாதையில் அவருக்கு எதிரே நடந்து, அவர் ஒதுங்காததால் தானும் ஒதுங்காமல், தோள் உரச அவரைக் கடந்து வாசலுக்கு வந்தாள். கோயில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டவுன் பஸ் நிற்பதற்கு முன்னாலேயே இறங்கிப் பழகியவள். போகிற திசையைப் பார்த்து, இடது காலை முதலில் தன் வயலில் வைத்து இறங்கி, வேலியோர மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையை நோக்கி நடந்தாள்.