ஊசியின் பாரம்

யாழ்ப்பாணம் குருநகரில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் லெனாட்டிடம் ஏறக்குறைய இருநூறு இசைத்தட்டுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் போட்டுக் கேட்பான். அந்தப் பகுதியில் இசைத்தட்டு போடக்கூடிய பிளேயர் அவன் ஒருவனிடம்தான் இருந்தது. அதனால் பழைய பாட்டு, பழைய றேடியோ என்று எதைப் பற்றிக் கதை வந்தாலும் அவன் சொல்வதுதான் முடிவு. அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

பங்குனியில் ஒருநாள் லூர்த்தம்மா வந்தார். ஒழுங்கை முனையில் தனியே வசிக்கும் எழுபத்தாறு வயதுக்காரி. கையில், சேலைத் துணியில் சுற்றிய ஒரு இசைத்தட்டு. கோயில் பாடகர் குழு எழுபதுகளில் கொழும்புக்குப் போய்ப் பதிவு செய்தது. அதன் முதற்பக்கத்தில் அவருடைய கணவர் சந்தியாப்பிள்ளை தனித்துப் பாடிய தவக்காலப் பாட்டு இருந்தது. அவர் இறந்து பத்து வருடம் ஆகப்போகிறது. தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து சாவகச்சேரிக்கு இடம்பெயர்ந்து நடந்தபோதும் லூர்த்தம்மா அந்தத் தட்டை விட்டுவிட்டுப் போகவில்லை.

“தம்பி, இதைப் போட்டு போனிலை பிடிச்சுத் தாரும். மகன் எமில்ராஜ் பிரான்சிலையிருந்து கேக்கிறான். தேப்பன்ரை ஆண்டுத் திருப்பலி அண்டைக்குக் கேக்க வேணுமாம்.”

லெனாட் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தான். குரல் வந்தது, ஆனால் கரகரத்து, உடைந்து வந்தது. ஓரிடத்தில் ஊசி துள்ளியது. அவன் வழக்கம்போல ஊசிக்கையின் தலையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை வைத்து மறுபடி போட்டான். துள்ளவில்லை. கரகரப்பு மட்டும் கூடியிருந்தது. மூன்றாம் தரமும் போட்டுப் பார்த்துவிட்டு ஊசிக்கையைத் தூக்கினான்.

“தட்டு முடிஞ்சுது அன்ரி. சூடு பட்டிருக்கு. எங்கை வைச்சிருந்தனீங்கள்?”

“குசினிப் பக்கத்து அலுமாரியிலை.”

“அதுதான், அடுப்புச் சூடு.”

லூர்த்தம்மா தட்டைத் துணியில் சுற்றினார். “என்ரை பிழைதான்” என்று சொல்லிக்கொண்டு போனார்.

இரண்டு கிழமை கழித்து, கனடாவிலிருந்து லெனாட்டின் மச்சான் அனுப்பிய பொதி வந்தது. ஒரு புது ஊசி, தூசி துடைக்கும் மெல்லிய தூரிகை, ஊசியின் பாரத்தை நிறுக்கும் விரலளவு தராசு. விளையாட்டாகப் பழைய ஊசியைக் குற்றியோடு சேர்த்து அந்தத் தராசில் வைத்தான். பத்துக் கிராமுக்குக் கிட்டக் காட்டியது. புது ஊசியோடு வந்த தாளில் இரண்டு கிராம் என்று போட்டிருந்தது.

புது ஊசியைப் பூட்டி, பாரத்தைச் சரிசெய்து, ஒரு தட்டைத் தூரிகையால் துடைத்துப் போட்டான். எப்போதும் கரகரக்கும் தட்டு. இப்போது வயலின் தனியாகவும் மிருதங்கம் தனியாகவும் கேட்டன. பழைய ஊசியைப் பூதக்கண்ணாடிக்குள் பார்த்தான். நுனி ஒரு பக்கம் தேய்ந்து உளிபோல இருந்தது.

குசினியிலிருந்து மனைவி பிரியந்தினி எட்டிப் பார்த்தாள். “நல்லாக் கேக்குது. அப்ப அந்த லூர்த்தம்மா அன்ரியின்ரை றெக்கோட்?”

“அது பழுதாப்போன தட்டு” என்றான். சொன்ன உடனேயே முகம் சுட்டது. அவள் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

அதன்பிறகு லூர்த்தம்மாவின் வாசலைத் தவிர்த்து வேலைக்குச் சுற்றுப்பாதையால் போனான். ஆனால் இரண்டாவது ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, லூர்த்தம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு நின்றது காதில் விழுந்தது.

“லெனாட் தம்பி பாத்துச் சொன்னவர். நான்தான் சூட்டிலை வைச்சுப் பழுதாக்கிப்போட்டன். மகன் நல்லா ஏசிப்போட்டான். ஒரு கிழமையா எனக்குப் போன் பண்ணேல்லை.”

அவன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். ஐம்பது வயதில் ஒரு கிழவிக்கு ஒளித்து நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று பின்னேரமே பிளேயரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு லூர்த்தம்மா வீட்டுக்குப் போனான். வாசலிலேயே சொல்லிவிட்டான்.

“அன்ரி, சூடு இல்லை. என்ரை ஊசிதான் தேஞ்சு போயிருந்தது. அதுக்கு மேலை பாரமும் வைச்சு உழுதுபோட்டன். தெரிஞ்சும் ரண்டு கிழமை சொல்லாமல் இருந்திட்டன்.”

லூர்த்தம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். “எத்தினை தரம் போட்டனீர்?”

“மூண்டு தரம்.”

“தேயும் எண்டு நான் வருசத்திலை ஒருக்காத்தான் போடுறனான். எங்கடை பிளேயர் பழுதான பிறகு அதுவுமில்லை.”

அவர் உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தார். புது ஊசியில் முதற்பக்கம் முன்னையைவிட நன்றாகவே கேட்டது. ஆனாலும் சந்தியாப்பிள்ளையின் குரல் உயரும் இடங்களிலெல்லாம் ஒரு கீறல் சத்தம் கூடவே வந்தது. அது இனிப் போகாது என்று அவனுக்குத் தெரியும். கேட்காமலே அதையும் சொன்னான்.

அவர் போனை எடுத்து மகனை அழைத்து அவன் கையில் கொடுத்தார். “அவனுக்கு நீரே சொல்லும்.”

லெனாட் சொன்னான். குற்றி வைத்ததையும் பொய் சொன்னதையும் விடாமல் சொன்னான். “அம்மாட்டைக் குடுங்கோ” என்றான் எமில்ராஜ். அவனோடு வேறொன்றும் பேசவில்லை. லூர்த்தம்மா போனைக் காதில் வைத்தபோது, “ஏசினதுக்கு மன்னியுங்கோ அம்மா” என்பது லெனாட்டுக்கும் கேட்டது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மற்றப் பக்கத்தில் பழைய ஊசி படவேயில்லை. தட்டைத் திருப்பிப் போட்டான். அதில் இருபது பேர் சேர்ந்து பாடியிருந்தார்கள். தெளிவாகக் கேட்டது. லூர்த்தம்மா கண்ணை மூடி, அந்த இருபது குரலுக்குள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

பாட்டுச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள். “பழுதாப்போச்சு எண்டீங்கள்?”

“லெனாட்டைக் கேளும்” என்றார் லூர்த்தம்மா, கண்ணைத் திறக்காமல்.

“அன்ரியிலை பிழையில்லை” என்றான் லெனாட். “நான்தான் பழுதாக்கினது.”