புருஷன் பேர்

எங்கள் வீட்டுக்காரர் சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. லண்டன் சோதனைக்குத் தர்க்கம் படிக்கிறார். இரண்டு வாக்கியம் சொல்லி மூன்றாவதை இழுத்து எடுப்பதுதான் அந்தப் படிப்பாம். "சீலை எல்லாம் நனையும். இது சீலை. ஆகவே இதுவும் நனையும்." உலை கொதிக்கும்போதெல்லாம் எனக்கு இதே தொணதொணப்பு.

அன்று மத்தியானம் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனவள் திகைத்து நின்றுவிட்டேன். பால்மரம் வெட்டுகிற இருளாயியின் கைகளைக் கயிற்றால் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்காம். நேற்றுவரை குளிர்காய்ச்சலில் பிதற்றினாள், உண்மைதான். இன்று காய்ச்சல் விட்டுவிட்டது.

"கிராணியம்மா, நான் பைத்தியமில்லீங்க. புள்ள பாலுக்கு அழுவுது," என்றாள்.

ஆபீசுக்கு ஓடினேன். வெள்ளைக்கார டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அவருக்கு மொழிபெயர்த்தவர் எங்கள் வீட்டுக்காரர்தான்.

"இஞ்சாருங்கோ, அவளுக்கு என்ன பைத்தியம்?"

இவர் விரல் மடக்கினார். "புருஷன்ரை பேர் சொல்லாதவள் புத்தி பேதலிச்சவள் எண்டு டாக்டர் சொல்லுறார். இவளைக் கேட்டம். 'நல்லம்மாவோட அப்பா' எண்டாள். பேரைச் சொல்லு எண்டால் வாயே திறக்கேல்லை. ஆகவே..."

எந்தத் தமிழச்சி புருஷன் பேரை வாயால் சொல்லுவாள்? கல்யாணமான நாள்முதல் நான் 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிட்டுத்தானே இவர் சாப்பிடவே வருகிறார்?

"என்னட்டையும் கேக்கச் சொல்லுங்கோ," என்றேன்.

டாக்டர் என் புருஷன் பேரைக் கேட்டார். தமிழில் சொல்லத் தொடங்கிய இவருக்குப் பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. சண்டை பிடிக்க வந்தவள்தான், சொல்லித் தொலைப்போம் என்றுகூட நினைத்தேன். நாக்கு எழும்பவில்லை. டாக்டர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

"நானும் லாரியில ஏறட்டோ?" என்று இவரைக் கேட்டேன்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. நமது வழக்கத்தை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி விளக்கினார். இருளாயியின் கட்டை அவிழ்த்தார்கள். அவள் பிள்ளையிடம் ஓடினாள்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு இவர் நிமிர்ந்தார்.

"அம்பிகை, நான் முடிவெடுத்த விதத்தில பிழையில்லை. முதல் வாக்கியம்தான் பிழை. அது டாக்டர் சொன்னது."

இருளாயி கையில் கயிறு பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கும். இந்த மனிதரோடுதான் கடைசிவரை வாழப்போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.