ஓரத்தில் பாதி அப்பா

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. ஒஸ்லோவில் எங்கள் மாடிக்கட்டடத்தில் இருக்கிற ஹம்சிகா, நிலக்கீழ் ரயிலில் பக்கத்தில் வந்திருந்து எல்லாவற்றையும் சொன்னாள். முடிவில், "எழுதுறதெண்டா எழுதுங்கோ அன்ரி. ஆனா அப்பாவை அழப்பண்ணாதேங்கோ" என்றாள்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்—

(வேண்டாம். நோர்வேயிலிருந்து எழுதுகிற எங்கள் எல்லோருடைய கதையிலும் பனி கொட்டி முடிந்துவிட்டது. இது நடந்தது ஜூன் மாதம். நல்ல வெயில்.)

2

ஹம்சிகா ஓவியம் படிக்கிறாள். அந்த வருடம் அவளுக்கு ஒரே யப்பான் பைத்தியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யப்பானின் மரஅச்சுப் படங்கள் பாரிசுக்கு வந்து குவிந்தன. (பீங்கான் சாமான் சுற்றிவந்த தாள்களாகத்தான் முதலில் வந்தன என்றொரு கதை உண்டு. உண்மையோ தெரியாது. எனக்குப் பிடித்திருப்பதால் விட்டுவைக்கிறேன்.) அந்தப் படங்களில் ஆட்கள் சிலவேளை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பார்கள், நடுவில் வெறும் இடம் கிடக்கும். பிரெஞ்சு ஓவியர்கள் அசந்துபோய், தங்கள் நடனக்காரிகளையும் கனவான்களையும் துணிந்து ஓரத்தில் வெட்டத் தொடங்கினார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இது சரிவராது. கலியாண அல்பத்தில் பெரியப்பாவின் செருப்பு வெட்டுப்பட்டாலே படம் எடுத்தவனுக்கு ஏச்சு விழும். புருசனே வெட்டுப்பட்டால், அந்த வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

3

அம்மா சத்தியபாமாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஹம்சிகா கீறிக் கொடுத்த படம் இது. இடது பக்கம் அம்மா. நடுவில் பெரிய மஞ்சள் சாப்பாட்டு மேசை, மேலே ஒன்றுமில்லை. வலது ஓரத்தில் அப்பா சண்முகலிங்கம்: ஒரு காது, ஒரு தோள், ஒரு கால். மிச்சம் சட்டத்துக்கு வெளியே.

அம்மா கனநேரம் பார்த்தார்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"என்னத்தை?"

"அப்பா தனிய ஸ்தவாங்கருக்குப் போறார் எண்டு."

ஸ்தவாங்கர் ஒஸ்லோவிலிருந்து ரயிலில் எட்டு மணித்தியாலம். ஹம்சிகாவுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கொண்டாட்டம் முடியட்டும், பிறகு பிரிவோம் என்று தாயும் தகப்பனும் தங்களுக்குள் முடிவெடுத்திருந்தார்கள். மகள் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்து அம்மாவே விசயத்தை உடைத்துவிட்டார்.

"ஐயோ அம்மா, அது கொம்பொசிஷூன், படத்தை அமைக்கிற விதம். பிரான்சிலை அப்பிடித்தான் கீறினவை."

"அவை எப்பிடியும் கீறட்டும்."

4

சண்முகலிங்கத்தை முதலில் குடிகாரனாக எழுதிப் பார்த்தேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் மனிதர் குடிப்பதில்லை. கைநீட்டுவதில்லை. கதைப்பதும் இல்லை, அவ்வளவுதான். இதற்காகவா இந்த வயதில் பிரிவது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"அன்ரி, நீங்கள் அந்த மேசையிலை ஒருநாள் இருந்து சாப்பிட்டுப் பாருங்கோ."

மேசையை ஏன் அவ்வளவு பெரிதாகக் கீறினாள் என்று பிறகு நான் அவளைக் கேட்கவில்லை.

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ஹம்சிகா படத்தின் ஓரத்தில் இன்னொரு துண்டுக் கன்வஸ் துணியை ஒட்டி அப்பாவை முழுசாகக் கீறுகிறாள், குடும்பம் சேருகிறது. (சினிமா.) மற்றதில் அப்பா படத்தைப் பார்த்து அழு— (வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

நடந்தது இதுதான். பின்னேரம் அப்பா வேலையால் வந்தார். காலிலிருந்த சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் படத்துக்கு முன்னால் போய் நின்றார். தன்னுடைய அந்த ஒற்றைக் காலை விரலால் காட்டினார்.

"பிள்ளை, இதிலை நான் உள்ளுக்கை வாறனோ, வெளியிலை போறனோ?"

இவ்வளவு நேரமும் எட்ட நின்று எழுதிய எனக்கு, இந்த இடத்தில் அந்த மனிதரை நினைக்கப் பாவமாக இருந்தது.

ஹம்சிகா அதை யோசித்தே இருக்கவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவருடைய காலைப் பார்த்தார்.

"முதல்லை அந்தச் சப்பாத்தைக் கழட்டுங்கோ" என்றார்.

அவர் கழற்றினாரா என்பது எனக்குத் தெரியும். ஆனால் கதையை இந்த இடத்தில் வெட்டுகிறேன். மிச்சம் சட்டத்துக்கு வெளியே, நீங்கள் இருக்கிற பக்கம் கிடக்கிறது.