பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மைல்

ஓடுகிற மனிதர்களிடையே உயர்வு தாழ்வு கிடையாது, நிறம் கிடையாது, ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவர் முன்னே போவது கிடையாது என்பதே லார்க்ஸ்பர் ஓட்டக் கழகத்தின் உயிர்மூச்சு. கழகம் வெளியிட்ட 'அனைவருக்கும் இடம்' என்ற பதினான்கு பக்க அறிக்கை இப்படித்தான் தொடங்கும். அந்த உயிர்மூச்சு சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு மேற்குப் பக்கத்துக் காபிக் கடை வாசலில் புறப்பட்டு, மூன்று மைல் ஓடி, ரயில் பாலத்தின் காலடிக்கு வந்ததும் திரும்பிவிடும். அந்த ஊர்க் கறுப்பின மக்களில் முக்கால்வாசிப் பேர் குடியிருந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம்.

வெர்னெல் டிப்ஸ் வீடும் அந்தப் பக்கம்தான். ஐம்பத்து நான்கு வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பன்னிரண்டு வருஷமாகக் காரில் பாலத்தைக் கடந்து மேற்கே போவாள். கழகத்தோடு ஓடிப் பாலம் வரை வருவாள். தன் சர்ச்சின் கூரை கண்ணில் படுகிற இடத்தில் மற்றவர்களோடு திரும்பி, மறுபடி காபிக் கடைக்கு ஓடி, காரை எடுத்துக்கொண்டு அதே பாலத்தின் மேல் வீடு திரும்புவாள். கழகத்தில் அறுபத்து மூன்று பேர். கறுப்பினத்தவர் அவள் ஒருத்தி. கழகத்தின் இணையப் பக்கத்துப் படங்களில் மட்டும் அவள் நான்கு பேர்.

அவள் தெருவில் ஒசெல்லா ப்ரூயிட் என்று ஒரு சிநேகிதி இருந்தாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, உடம்பில் சர்க்கரை. ஓடத் தொடங்கச் சொல்லி வெர்னெல் இரண்டு வருஷமாக நச்சரித்துவந்தாள்.

"என் கார்ல கூட்டிட்டுப் போறேன்டி. எல்லாருக்கும் இடம்னு எழுதியே வச்சிருக்காங்க."

"எழுதுறதுக்கு என்ன? நீ பன்னெண்டு வருஷமா அவங்க தெருவுல ஓடறே. அவங்க ஒரு நாள் நம்ம தெருவுல ஓடினாங்களா? பாலத்தைத் தாண்டி வரட்டும். வந்தா அன்னிக்கே ஷூ மாட்டறேன். இன்னும் ரெண்டு பேரையும் இழுத்துட்டு வரேன்."

வெர்னெல் அன்றே மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். இந்த வருஷம் கழகம் பாலத்தைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் கழகத்துச் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

கேட்காமல் இல்லை. மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை ஒரு குழு போட்டார்கள். இரண்டாம் தடவை அந்தக் குழு ஒரு துணைக் குழு போட்டது. மூன்றாம் தடவை, இது ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விஷயம் என்று துணைக் குழு கண்டுபிடித்தது.

"பாதுகாப்புதான் வெர்னெல், வேற ஒண்ணுமில்ல," என்றார் கழகத் தலைவர் கிரெய்க் லிண்ட்க்விஸ்ட். பல் டாக்டர். நல்ல மனுஷர், அது அவருக்கும் தெரியும். "அந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்கும்னு தெரியாதில்ல?"

"தினமும் நாப்பத்தெட்டுப் பிள்ளைங்களை அந்த ரோட்டுலதான் கூட்டிட்டுப் போறேன், டாக்டர்."

"அவங்க பஸ்ஸுக்குள்ள இருக்காங்களே."

டாக்டர் தன் பதவியைச் சாதாரணமாக நினைக்கவில்லை. தலைவராக இருப்பவர் ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு எல்லாருக்கும் பின்னால், கடைசி ஆளாக ஓட வேண்டும் என்பது கழகத்து வழக்கம். யாரும் தனியாகப் பின்தங்கிவிடக் கூடாது அல்லவா? பதினொரு வருஷமாக அவர் கடைசி. முதலாவதாக வருகிறவர்களுக்குக்கூட அப்படி ஒரு களை முகத்தில் இருந்ததில்லை.

வசந்த காலத்தில் கழகத்தின் ஆண்டு விழா வந்தது. பான்கேக், சிரப், பேச்சு. அந்த வருஷம் புதிதாக 'இன்முகத் தோழர்' என்று ஒரு விருது ஏற்படுத்தி அதை வெர்னெலுக்குக் கொடுத்தார்கள். டாக்டர் உருகிப்போய்ப் பேசினார். "ஒரு வீடு விடாம கை காட்டுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் குட் மார்னிங். ஒரு தடவை நாய்க்குக்கூடச் சொன்னாங்க, நானே பார்த்தேன். எப்பவும் மாரத்தான் சட்டைதான் போடுவாங்க. இந்த விளையாட்டு மேல அவ்வளவு பெருமை."

வெர்னெல் கோப்பையை வாங்கி மேஜையில் வைத்தாள். பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல, குரல் ஏறாமல் இறங்காமல் பேசினாள்.

"நான் அவ்வளவு இன்முகம் இல்ல. எங்க தெருவுல கேட்டுப் பாருங்க, அங்க நான் யாருக்கும் கை காட்டறதே இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். "இந்தப் பக்கம் ஓடறப்பதான் காட்டறேன். கறுப்புப் பொம்பளை ஒருத்தி வேகமா போனா, எதுக்குப் போறான்னு ஜன்னல்ல நின்னு யோசிப்பாங்க. யோசிச்சா போலீஸைக் கூப்பிடப் போனை எடுப்பாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி நான் குட் மார்னிங் சொல்லிடறேன். சட்டையும் அதுக்குத்தான். அக்குள்ல கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு. ஆனா மாரத்தான்னு பெரிசா போட்டிருக்கு, தூரத்துல இருந்தே படிக்கலாம்."

யாரோ முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். அது கேட்டது.

"நாய்க்குச் சொன்னது நிஜம்தான். அதுக்குப் பின்னாடி வீட்டுக்காரர் நின்னுட்டிருந்தார். விருதுக்கு நன்றி, கோப்பை கழகத்துலயே இருக்கட்டும். எனக்கு வேற ஒண்ணு வேணும். வர சனிக்கிழமை பாலத்தைத் தாண்டி எங்க சர்ச் வரைக்கும் ஓடணும். வரவங்க கை தூக்குங்க."

முதலில் எழுந்தது மெரெடித் வாஸின் கை. கழகச் செயலாளர்; பதினான்கு பக்கத்தையும் எழுதியவள். முகம் காது வரை சிவந்திருந்தது, கை மட்டும் இறங்கவில்லை. அறிக்கை எழுதிய பிறகு அந்தக் கை அந்த விஷயத்தில் செய்த முதல் வேலை அது. பின்னாலேயே ஒன்று, இரண்டு, ஏழு என்று கைகள் ஏறின. டாக்டர் சுற்றிலும் பார்த்தார்.

"தலைவர்ங்கிற முறைல நான்தான் கடைசியா தூக்கணும்," என்று சொல்லித் தூக்கினார்.

சனிக்கிழமை பத்தொன்பது பேர் வந்தார்கள். அத்தனை பேர் மேலும் ஏதாவது ஒரு பந்தயச் சட்டை. வெர்னெல் மட்டும் ஓர் எழுத்துக்கூட இல்லாத பழைய கையில்லாச் சட்டையில் வந்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு ஓடி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. காற்று நேராக உடம்பில் பட்டது.

பாலத்தைத் தாண்டியதும் சலவைக் கடை முனையில் ஒசெல்லா நின்றிருந்தாள். வெள்ளை வெளேரென்று புது ஷூ. சொன்னபடி இரண்டு பேரை இழுத்துவந்திருந்தாள்.

"அடியே, நிஜமாவே வந்துட்டாங்க," என்றாள். ஏதோ ஏமாந்துவிட்டதுபோல இருந்தது குரல். பிறகு ஓடத் தொடங்கினாள்.

கூட வந்த இருவரும் கூட்டத்தோடு கலந்துவிட்டார்கள். ஒசெல்லாவால் முடியவில்லை. நூறடி ஓடுவாள், ஐம்பதடி நடப்பாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சர்க்கரையைத் திட்டுவாள். வெர்னெல் அவள் பக்கத்திலேயே வந்தாள். வழியில் கெய்ன்ஸ் கிழவர் வாசல் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா வெர்னெல், அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரருக்குக் கை எதுவும் இழுத்துக்கிச்சா?"

"இல்லீங்கய்யா. குட் மார்னிங் சொல்றார்."

"எனக்கா? மூணு தடவை சொன்னாரே. நான் ஒருத்தன்தானே நிக்கறேன்."

"இந்தப் பக்கம் புதுசு இல்லையா. பழகிட்டா சரியாயிடும்."

ஒசெல்லா திரும்பிப் பார்த்தாள். பின்னால் தெரு காலியாகக் கிடந்தது.

"எனக்குப் பின்னாடி ஒருத்தர் ஓடுவார், அதுதான் உங்க வழக்கம்னு சொன்னியே. எங்கடி அவர்?"

"முன்னாடி ஓடறார்."

ஒசெல்லா சிரித்த சிரிப்பில் இன்னொரு ஐம்பதடி நடக்க வேண்டியதாயிற்று. அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது எதிரே மெரெடித் திரும்பி ஓடிவந்தாள்.

"வழி தெரியலையா?" என்று கேட்டாள் வெர்னெல்.

"வழி தெரியும். கடைசில யாரும் இல்லைன்னு இப்பத்தான் கவனிச்சேன்." மெரெடித் அவர்களுக்கு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள். "நீங்க போங்க. நான் இங்க இருக்கேன்."

சர்ச் வரையிலான அந்த ஒரு மைலை அவர்கள் இருபத்தொரு நிமிஷத்தில் முடித்தார்கள். ஒசெல்லா ஓரிடத்திலும் உட்காரவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் தான் ஓடிய மைல்களிலேயே மிக மெதுவானது இதுதான் என்று வெர்னெல் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இன்னொன்றும் தோன்றியது. பாலத்திலிருந்து அவள் கை ஒரு தடவைகூட மேலே போகவில்லை.

சர்ச் வாசலில் காபி தயாராக இருந்தது. டாக்டர் அங்கே எப்போதோ வந்து சேர்ந்து, வியர்வை சொட்டச் சொட்ட, சர்ச் பெண்களிடம் இதுவொரு சரித்திர நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒசெல்லா வந்ததும் முதல் ஆளாகக் கைதட்டினார். மனசாரத்தான் தட்டினார்.

"அடுத்த வாரமும் இந்த வழிதான்," என்று அறிவித்தார். சொன்னபடியே அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரங்களிலும் வந்தார்.

"நானும் வரேன்," என்றாள் ஒசெல்லா. "ஆனா அவரைக் கொஞ்சம் மெதுவா ஓடச் சொல்லு."

கழகத்தாரின் கைக்கடிகாரங்கள் அவரவர் ஓடிய வேகத்தைத் தாமாகவே கழகத்தின் இணையப் பக்கத்தில் போட்டுவிடும். அந்த முதல் சனிக்கிழமை மதியம் அறுபத்து மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். கடைசி ஓட்டக்காரர் டாக்டர் கிரெய்க் லிண்ட்க்விஸ்ட், பாலத்துக்கு அந்தப் பக்கம் முதல் மைல், ஏழு நிமிஷம் நாற்பது விநாடி. பதினொரு வருஷத்தில் அவர் ஓடியதிலேயே அதுதான் மிக வேகமான மைல்.